முதல் பூவும் முதல் தகைவிலானும்

ஆங்கில நாட்டு இயற்கை நூல்களைப் பற்றிப் பேச்செடுத்தால் தவறாமல் வந்துவிடும் பெயர் கில்பர்ட் ஒயிட். ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில், இலண்டனிலிருந்து சுமார் 80 கி.மீ. தொலைவிலுள்ள செல்போர்ன் என்னும் சிற்றூரில் 1720இல் பிறந்தவர். அவ்வட்டாரத் திருச்சபைகளில் துணைப் பாதிரியாராக இருந்து, 1793இல் அதே ஊரில் மறைந்தவர். அவர் எழுதிய 'செல்போர்னின் இயற்கை வரலாறும் தொன்மைகளும்' என்னும் நூல் 1789இல் வெளிவந்தது. இளமையில் இந்நூலைப் படித்துப் பறவைகளைக் கூர்ந்து நோக்குவதில் இன்பம் கண்டதாகச் சார்லஸ் டார்வின் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

இந்நூலைப் பாராட்டுவோர் பெரும்பாலும் ஒரே சுருதியில் பாடுவர். அமைதியான கிராமம், ஆரவாரமற்ற பாதிரியார், தோட்டத்தில் ஒரு கிழட்டு ஆமை, மரத்தில் பாடும் பறவை! இப்புகழுரையை நம்பி நூலைத் திறக்கும் நம் கல்லூரி மாணவன் இருபதாம் பக்கத்தில் மூடிவிடுவான். அவனைக் குறைகூற மாட்டேன். கிராம அமைதிக்காகப் படிக்க வேண்டிய நூல் அன்று இது. என் பாடம் இயற்பியல். அந்தக் கண்ணுக்கு இது அளவைகளைப் பற்றிய நூல். அளவைகளைப் பற்றிய நூலுக்கு உரிய முறையில், அதாவது அளவுகள் எவ்வளவு நம்பத்தக்கவை என்று கேட்டு, இதனை யாரும் தமிழில் விமர்சித்ததாக என் கண்ணில் படவில்லை.

முதலில் வசந்தம் என்ற சொல்லைத் தெளிவுபடுத்திக் கொள்ள வேண்டும். நம் இளவேனில் சித்திரை, வைகாசித் திங்கள்களுக்கு உரியது. வெயில் ஏறும் காலம். இங்கிலாந்தின் வசந்தமோ குளிரிலிருந்து மெல்ல விடுபடும் காலம். அங்கு டிசம்பரில் பகற்பொழுது எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. மரங்கள் இலையின்றி நிற்கும். ஜனவரி இறுதியிலோ பிப்ரவரியிலோ ஸ்னோட்ராப் என்னும் சிறு வெள்ளைப் பூ புல்லிடையே தலை கவிழ்ந்து மலரும். அதன் பின் குரோக்கஸ். மார்ச் கடைசியில் சிஃப்சாஃப் என்னும் சின்னஞ்சிறு பறவை வந்து தன் பெயரையே கூவும். ஏப்ரல் நடுவில் தகைவிலானும் குக்கூவும், மே தொடக்கத்தில் உழவாரக் குருவிகளும் வந்து சேரும். இவை ஒவ்வொன்றும் ஒரு நிகழ்ச்சி. ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி உண்டு. அத்தேதிகளைச் சேர்த்ததுதான் ஒயிட்டின் வாழ்நாள் வேலை.

1751இல் அவர் தம் வீட்டுத் தோட்டத்துக்கென ஒரு குறிப்பேடு தொடங்கினார். வெள்ளரியும் முலாம்பழமும் எரு மெத்தையில் எப்படி முளைத்தன என்பன போன்ற குறிப்புகளே அதில் மிகுதி. 1768 முதல், டெயின்ஸ் பாரிங்டன் என்னும் நண்பர் வகுத்துத் தந்த அச்சிட்ட படிவத்தில் எழுதலானார். இடம், காற்று, காற்றழுத்தமானி, வெப்பநிலைமானி, வானிலை, முதலில் இலைவிட்ட மரம், முதலில் பூத்த செடி, முதலில் தோன்றிய அல்லது மறைந்த பறவையும் பூச்சியும் என்று கட்டம் கட்டமாகப் பிரித்த படிவம் அது. இப்படி இருபத்தைந்து ஆண்டுகள், 1793 ஜூனில் இறக்கும் வரை! நம் ஆய்வகங்களில் மாணவர்கள் எழுதும் பதிவேட்டுக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை, ஒன்றைத் தவிர: அவருக்கு மதிப்பெண் போட ஆள் இல்லை.

நூலாக வெளிவந்தது இக்குறிப்பேடு அன்று. அதிலிருந்து எடுத்துத் திருத்திய கடிதங்கள். தாமஸ் பென்னண்ட் என்னும் விலங்கியலாருக்கு 44, பாரிங்டனுக்கு 66. எல்லாமே அஞ்சலில் போனவை என்று எண்ணிவிட வேண்டாம். பென்னண்டுக்கு எழுதியதாக உள்ள முதல் ஒன்பதும் நூலுக்காகப் பின்னர் எழுதிச் சேர்க்கப்பட்டவை. அவை அனுப்பப்படவே இல்லை. இலக்கியத்தில் இது குற்றமாகாது. ஆயினும் தேதியே உயிராக உள்ள ஒரு நூலில் இப்படிச் செய்திருப்பது எனக்கு உவப்பாயில்லை.

இனி, அவர் எப்படி நோக்கினார் என்று பார்ப்போம். வசந்தத்தில் வரும் கதிர்க்குருவிகளில் மூன்று வகை, உருவில் ஏறத்தாழ ஒன்றே போல இருக்கும். பச்சையும் மஞ்சளும் கலந்த சிறு பறவைகள். அக்கால நூல்கள் அவற்றைக் குழப்பிக் கொண்டிருந்தன. 1768இல் ஒயிட் அவை மூன்றும் வெவ்வேறு இனங்கள் என்று உறுதி செய்தார். முதலில் துப்புக் கொடுத்தது காது. மூன்றின் பாட்டும் வேறு. பின்னர் பறவைகளைக் கையில் வைத்து அளவும் நிறமும் பார்த்து முடிவு கட்டினார். தொலைநோக்கி மாட்டிக்கொண்டு திரியும் வழக்கம் இல்லாத காலம் அது.

தேனீக்களைப் பற்றிய சோதனை இன்னும் எனக்குப் பிடித்தது. எதிரொலி கேட்கும் இடத்தில் தேன்கூடு வைத்தால் தேனீக்களுக்கு ஆகாது என்று பழைய இலத்தீன் கவி வர்ஜில் எழுதிவைத்திருந்தார். ஒயிட் அதை மறுக்கப் புத்தகங்களைப் புரட்டவில்லை. கப்பலில் கூப்பிடப் பயன்படும் பெரிய ஊதுகுழலை எடுத்துத் தம் தேன்கூட்டருகே வைத்து, ஒரு மைல் தொலைவுக்குக் கேட்குமளவு கத்தினார். தேனீக்கள் தம் வேலையைத் தாம் பார்த்துக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டார் என்ன நினைத்தார்களோ தெரியாது! தேனீக்கு நம்மைப் போன்ற செவிப்பறை இல்லை. மிக அருகில் காற்று அசைவதை மட்டுமே அதன் உணர்கொம்பு அறியும் என்பது இன்றைய முடிவு. ஆகவே ஒயிட்டின் சோதனை சரியான விடையையே தந்தது.

தோட்டத்துப் பூக்களைப் பற்றி அவர் எழுதியதில் மிகச் சிறந்தது குரோக்கஸ் பற்றிய கடிதம். குரோக்கஸில் ஒன்று மார்ச் தொடக்கத்தில், பனி கொட்டினாலும் பூக்கிறது. மற்றொன்று, நாம் பாலில் போடும் குங்குமப்பூ, வசந்தத்தையும் கோடையையும் சும்மா கழித்துவிட்டு, மற்றச் செடிகள் வாடும்போது பூக்கிறது. பூவின் அமைப்பில் இரண்டுக்கும் வேறுபாடு காண முடியவில்லை. அப்படியிருக்க, ஒன்றை முன்னும் மற்றொன்றைப் பின்னும் தள்ளுவது எது? தினமும் காண்பதால் நாம் இதைப் பெரிதாக எண்ணுவதில்லை, ஆனால் விளக்குவதற்கு இது எந்தப் பெரும் அற்புதத்துக்கும் குறைந்ததன்று என்கிறார் ஒயிட். உண்மை. இன்று நமக்கு ஓரளவு விடை தெரியும். இரு செடிகளிலும் பூவின் கரு கோடையிலேயே மண்ணுக்கடியில் உறங்கும் கிழங்குக்குள் உருவாகிவிடுகிறது. குங்குமப்பூ, கோடை வெப்பம் தணிந்தவுடன் வெளிவருகிறது. வசந்தக் குரோக்கஸோ குளிர்காலக் குளிரை அனுபவித்த பிறகே தண்டு நீட்டுகிறது. ஆக, தோட்டக்காரர் வசந்தத்தின் தொடக்கம் என்று மகிழும் பூ, சென்ற ஆண்டுக் கோடையில் தொடங்கிய ஒரு நீண்ட கணக்கின் விடை. இரண்டையும் இயக்குவது வெப்பநிலை.

இங்குதான் ஒயிட் மீது என் முதல் குறை. பூத்த நாளும் வெப்பநிலையும் ஒரே தாளில் அவர் கண்முன்னே இருந்தன. நாள்தோறும் கிடைக்கும் வெப்பத்தைக் கூட்டிவந்து, அக்கூட்டுத்தொகை ஒரு குறிப்பிட்ட அளவை எட்டும்போது செடி பூக்கும் என்ற கருத்தைப் பிரெஞ்சு அறிஞர் ரியோமூர் 1735இலேயே வெளியிட்டுவிட்டார். ஒரு செடி 5 பாகை செல்சியஸுக்கு மேல்தான் விழித்தெழும் என்று கொண்டால், சராசரி 9 பாகை உள்ள ஒரு நாள் அதன் கணக்கில் 4 சேர்க்கும். 3 பாகை உள்ள நாள் ஒன்றும் சேர்க்காது. கூட்டல் தெரிந்த எவரும் செய்யக்கூடியது. இடைவெளிகள் இருப்பினும் கால் நூற்றாண்டுக்கான அளவுகளை வைத்திருந்த ஒயிட், அந்தக் கூட்டலைப் போட்டுப் பார்க்கவில்லை.

வெப்பநிலைமானியைப் பயன்படுத்தத் தெரியாதவர் அல்லர் அவர். 1784 டிசம்பரில் கடும் உறைபனி. செல்போர்னில் வெப்பநிலை பாரன்ஹீட் சுழியை ஒட்டி இறங்கியது. மேட்டிலுள்ள பக்கத்து ஊரான நியூட்டனில் அதைவிடக் குளிர் இருக்கும் என்று எல்லாரும் எதிர்பார்த்தனர். அங்கிருந்த கருவியோ அதிக வெப்பம் காட்டியது! கருவி பழுது என்று ஐயுற்ற ஒயிட், தம் கருவிகளில் ஒன்றை அங்கு அனுப்பி, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கச் செய்தார். இரண்டும் ஒன்றே காட்டின. ஓர் இரவில் இரு ஊர்களுக்கும் 18 பாரன்ஹீட் பாகை, அதாவது 10 செல்சியஸ் பாகை வேறுபாடு. குளிர்ந்த காற்று கனமானது. அது பள்ளத்தில் தேங்குகிறது. இதற்குச் சான்றாகத் தோட்டத்துச் செடிகளையே ஒயிட் காட்டுகிறார்: செல்போர்னில் பசுமை மாறாப் புதர்ச் செடிகள் கருகிப்போக, மேட்டு ஊரில் அதே செடிகள் ஓர் இலைகூட இழக்கவில்லை. எதிர்பாராத அளவு கிடைத்தால் முதலில் கருவியைச் சரிபார், சரியாயிருந்தால் உன் எதிர்பார்ப்பை மாற்றிக்கொள் என்று ஆண்டுதோறும் நான் மாணவர்களுக்குச் சொல்கிறேன். இவ்வளவு நல்ல எடுத்துக்காட்டு நம் செய்முறைப் பாடநூல்களில் நான் கண்டதில்லை.

இதே மனிதர் தகைவிலான்கள் விஷயத்தில் தடுமாறினார் என்பதுதான் வியப்பு. தகைவிலான்கள் குளிர்காலத்தில் எங்கே போகின்றன? கடல் கடந்து செல்கின்றன என்றனர் சிலர். பொந்துகளிலும் குளத்தடியிலும் உறங்குகின்றன என்றனர் வேறு சிலர். பாரிங்டன் இரண்டாம் கட்சி. ஒயிட்டின் தம்பி ஜான், ஜிப்ரால்டரில் பாதிரியாராக இருந்தவர். தகைவிலான்கள் நீரிணையைக் கடந்து போய்வருவதைத் தாமே கண்டு எழுதினார். அந்தச் சாட்சியத்தை ஒயிட் நம்பினார். ஆனாலும் சில பறவைகளாவது ஊரிலேயே ஒளிந்து உறங்கும் என்ற எண்ணத்தை அவரால் விட முடியவில்லை. 1781 வசந்தத்தில் ஆட்களைக் கூலிக்கு அமர்த்தி, ஊருக்கு மேலுள்ள காட்டுச் சரிவில் புதர்களின் வேரடியைத் தோண்டச் செய்தார். ஒன்றும் அகப்படவில்லை. அவர்கள் தோண்டிக்கொண்டிருந்தபோதே, தகைவிலான் இனத்தைச் சேர்ந்த மார்ட்டின் ஒன்று, அவ்வாண்டின் முதல் பறவை, ஊருக்குள் பறந்து வந்து நேரே ஒரு கூட்டுக்குள் நுழைந்து, சிறிது நேரம் இருந்துவிட்டுக் கூரைகளுக்கு மேலே பறந்து போயிற்று. பின்னர் ஏப்ரல் 16 வரை ஒன்றுகூடத் தென்படவில்லை.

இதை ஒயிட் எப்படிப் பொருள் கொண்டார்? முந்தி வந்த பறவை குளிரைக் கண்டதும் மறைகிறது. சில நாளில் ஆப்பிரிக்கா போய்த் திரும்புவது நடவாது. எனவே அருகில் எங்கோ அதன் உறைவிடம் இருக்கிறது! தருக்கம் அழகாகத்தான் இருக்கிறது. பிழை எங்கே? முந்தி வந்த ஒன்றும், பிந்தி வந்த கூட்டமும் ஒரே பறவைகள் என்று கொண்டதில் இருக்கிறது. முதல் பறவை என்பது கூட்டத்தின் பிரதிநிதி அன்று. பரவலின் ஓரத்தில், கூட்டத்திலிருந்து மிக விலகி நிற்பது அது. விடை ஒயிட் காலத்துக்கு வெகு பின்னர் வந்தது: 1911 மே மாதம் ஸ்டாஃபர்ட்ஷயரில் காலில் வளையம் மாட்டிவிடப்பட்ட ஒரு தகைவிலான், 1912 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் அகப்பட்டது. வடக்கே வேறு நிலங்களிலிருந்து கிளம்பும் அதே இனப் பறவைகள்தாம் குளிர்காலத்தில் நம் வயல்களின் மேலும் மின்கம்பிகளிலும் காணப்படுகின்றன. செல்போர்னில் அவை மறைவது ஒரு புதிர். இங்கே அது வெறும் வருகை.

என் மாணவர் ஒருவர் கேட்ட கேள்விதான் இந்நூலை மறுபடி எடுக்க வைத்தது. "சார், எங்கள் தெருவில் வேப்ப மரம் பூத்த முதல் நாளைக் குறிக்கச் சொன்னீர்கள். ஒரே ஒரு பூ விரிந்த நாளா, கிளை முழுதும் பூத்த நாளா? அதுவும் எந்த மரத்தில்?" என்றார். உடனே விடை சொல்ல எனக்கு வரவில்லை. ஒயிட்டின் நூலிலும் விடை இல்லை. பத்துப் பேர் ஓடும் பந்தயத்தைவிட ஆயிரம் பேர் ஓடும் பந்தயத்தில் முதலில் வருபவர் விரைவாக வருவார். ஓட்டக்காரர்களின் சராசரித் திறமை ஒன்றேயாக இருந்தாலும் அப்படித்தான். அதுபோலவே, தோட்டத்தில் ஸ்னோட்ராப் பத்துச் செடி இருந்த ஆண்டையும் ஆயிரமாகப் பெருகிய ஆண்டையும் முதல் பூவை வைத்து ஒப்பிட்டால், வசந்தம் முந்திவிட்டதாகத் தோன்றும். கூர்ந்து பார்ப்பவர் வெளியூர் போயிருந்தால் பிந்திவிட்டதாகத் தோன்றும். முதல் நாளைக் குறிப்பவர், எத்தனை செடியைப் பார்த்தேன், எத்தனை நாள் பார்த்தேன் என்பதையும் குறித்தாக வேண்டும். ஒயிட் இதைச் செய்யவில்லை.

இன்னொரு நுட்பம். இங்கிலாந்து பழைய நாட்காட்டியை விட்டது 1752 செப்டம்பரில்; அம்மாதம் 2ஆம் தேதிக்கு மறுநாள் 14ஆம் தேதி. ஆகவே ஒயிட்டின் தோட்டக் குறிப்பேட்டில் முதல் இரு வசந்தங்களும் பழைய கணக்கு. 11 நாளைக் கூட்டாமல் பிற்கால ஆண்டுகளோடு ஒப்பிட்டால், பூவெல்லாம் திடீரென்று பதினொரு நாள் பிந்தியதாக வரும்!

இவ்வளவு குறை சொன்னபின், அவருடைய தேதிகள் பயனற்றவை என்று வாசகர் எண்ணலாம். அப்படியன்று. ஒயிட் இறந்தபின் அவர் குறிப்பேடுகளிலிருந்து ஓர் இயற்கை நாட்காட்டி தொகுக்கப்பட்டு 1795இல் வெளிவந்தது. சசெக்ஸ் மாவட்டத்தில் வாழ்ந்த வில்லியம் மார்க்விக் என்பவர் அதே 1768 முதல் 1793 வரை தம் பகுதியில் எடுத்த தேதிகளும் பின்னர் அதற்குப் பக்கத்தில் சேர்க்கப்பட்டன. நூலின் பிற்காலப் பதிப்புகள் பலவற்றின் கடைசியில் இந்தப் பட்டியலைக் காணலாம். ஒவ்வொரு பூவுக்கும் பறவைக்கும் ஒரே தேதி தராமல், மிக முந்திய நாள், மிகப் பிந்திய நாள் என்று இரண்டு தருகிறது அது. இருவர், இரு ஊர், ஒரே ஆண்டுகள். ஆய்வகத்தில் இருவர் தனித்தனியே அளந்து ஒப்பிடுவதற்கு நிகர். பிழையின் எல்லையை இதிலிருந்து நாமே மதிப்பிட்டுக்கொள்ளலாம். பாராட்டுரைஞர்கள் இப்பட்டியலைப் புரட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இத்தகைய தேதிகள் எதற்கு ஆகும் என்பது இப்போது நன்றாகத் தெரிந்துவிட்டது. ஒயிட்டோடு கடைசிக் காலத்தில் கடிதத் தொடர்பு கொண்டிருந்த ராபர்ட் மார்ஷம் என்பவர், நார்ஃபோக்கில் 1736 முதல் வசந்த அறிகுறிகளைக் குறித்துவந்தார். அவர் குடும்பத்தினர் 1958 வரை அதைத் தொடர்ந்தனர். இப்படி எத்தனையோ பேர் பிரிட்டன் முழுதும் எழுதிவைத்த குறிப்புகளைத் திரட்டி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் உல்ஃப் புண்ட்கென் முதலானோர் 2022இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 1753 முதல் 2019 வரை, 406 வகைச் செடிகள், நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட குறிப்புகள். 1986 வரை முதல் பூவின் சராசரி நாள் மே 12. 1987க்குப் பின் ஏப்ரல் 16. இருபத்தாறு நாள் முந்தியிருக்கிறது! ஜனவரி முதல் ஏப்ரல் வரையுள்ள பகல் வெப்பநிலையோடு இது நெருங்கிப் பொருந்துகிறது. பார்வையாளர் எண்ணிக்கை பெருகினால் முதல் நாள் முந்தித் தோன்றும் என்று மேலே சொன்னேன். அந்த ஐயம் இங்கும் எழத்தான் செய்யும். ஆனால் வெப்பநிலையோடு பொருந்துவதும், ஒரே தோட்டத்தில் ஒரே மனிதர் பல்லாண்டு எடுத்த வரிசைகள் இருப்பதும் அந்த ஐயத்தைக் குறைக்கின்றன. ஒயிட் ஊரைவிட்டு அதிகம் நகராததை அவருடைய எளிமை என்று புகழ்வார்கள். அளவைக் கணக்கில் அது கருவியை மாற்றாமல் வைத்திருந்ததற்குச் சமம்.

ஆமையைச் சொல்லாமல் விட்டால் ஒயிட்டின் அன்பர்கள் பொறுக்க மாட்டார்கள். அத்தை வீட்டில் இருந்த அந்த நில ஆமையை, அவர் மறைந்தபின் 1780 மார்ச்சில் மண்ணிலிருந்து தோண்டி எடுத்து, குதிரை வண்டியில் எண்பது மைல் கொண்டுவந்து தம் தோட்டத்தில் விட்டார். நவம்பரில் மண்ணுக்குள் போய் ஏப்ரல் நடுவில் வெளிவரும் அது, அவருக்கு இன்னொரு வெப்பநிலைமானி. திமத்தி என்று ஆண் பெயரிட்டுப் பதின்மூன்று ஆண்டுகள் நாள்தோறும் பார்த்தார், தராசில் நிறுத்தார். அவருக்குப் பின் அதன் ஓட்டை ஆராய்ந்தவர்கள், அது பெண் ஆமை என்று கண்டனர். ஓடு இன்னும் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நூலை எப்படிப் படிப்பது என்று கேட்போருக்கு: தொன்மைகளைப் பற்றிய பிற்பகுதியை விட்டுவிடலாம், சிற்றூர்த் திருச்சபை மடத்தின் நிலவரி வழக்குகள் நமக்கு வேண்டியதில்லை. பென்னண்டுக்கு எழுதிய தொடக்கக் கடிதங்களையும் தள்ளி வைத்து, பாரிங்டன் கடிதங்களில் தகைவிலான், ஆமை, குரோக்கஸ், 1784 உறைபனி ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். அவை பிடித்தால், பிரான்சிஸ்கா கிரீனோக் 1986க்கும் 1989க்கும் இடையே மூன்று தொகுதிகளாகப் பதிப்பித்த நாட்குறிப்புகளுக்குச் செல்லலாம். அதில் அழகிய நடை இல்லை. காற்று, மழை, பூத்தது, வந்தது, அவ்வளவே. என் கணக்கில் அதுவே மூல நூல். தமிழில் இதைக் கொண்டுவர எவரேனும் முன்வந்தால், வழக்கம்போலக் கடிதங்களை மட்டும் சுருக்கித் தந்துவிட்டு நிற்க வேண்டாம். ஒயிட், மார்க்விக் இருவரின் நாட்காட்டிப் பட்டியலை ஒரு வரி விடாமல் அச்சிட்டு, வெப்பநிலைகளைச் செல்சியஸுக்கு மாற்றி, 1752க்கு முந்திய தேதிகளுக்கு 11 நாள் கூட்டித் தர வேண்டும். முப்பது பக்கம் கூடும். விலையும் கொஞ்சம் கூடும்.